கோபத்துக்கு முன்னால் என்ன வந்தது?

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். எனக்கு 38 வயது. இரணைமடு வாய்க்கால் தண்ணீர் பாய்கிற ஊரில் இரண்டரை ஏக்கர் வயல் செய்கிறேன், விதைப்பும் அறுப்பும் இல்லாத காலத்தில் மேசன் வேலைக்குப் போவேன். மனைவி, 13 வயதில் மகன், 8 வயதில் மகள். கொஞ்சக் காலமாகச் சின்ன விஷயத்துக்கும் தாங்க முடியாத கோபம் வருகிறது. போன கிழமை மகன் தண்ணி மோட்டரை நிப்பாட்ட மறந்துவிட்டான் என்று சாப்பாட்டுக் கோப்பையைச் சுவரில் எறிந்தேன், அவனுக்கும் இரண்டு அடி விழுந்தது. இப்போது படலையில் என் மோட்டச் சைக்கிள் சத்தம் கேட்டாலே அவன் எழும்பி அறைக்குள் போய்விடுகிறான். இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், விடியும்வரை கடன் கணக்குத்தான். லான்ட்மாஸ்டர் உழவு மெசின் லீசிங், நகை அடகு, கைமாற்று எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று மனைவிக்கு முழுதாகத் தெரியாது. 2009 இல் கடைசி யுத்தத்தில் என் தம்பியை இழந்தோம், பிறகு செட்டிகுளம் அகதி முகாமில் இருந்தோம், அதுதான் என்னை இப்படி ஆக்கியதா? நான் தகப்பனாக இருக்கத் தகுதியில்லாதவன். சில நேரம் நான் இல்லாமல் போனால் இவர்களாவது நிம்மதியாக இருப்பார்கள் என்றும் நினைப்பேன். கூட்டாளிமார் கொஞ்சம் குடித்தால் நித்திரை வரும் என்கிறார்கள், மாமியார் செய்வினை என்கிறா, மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுறா. அங்கே போனால் ஊர் விசரன் என்று சொல்லிவிடும். இந்தக் கோபத்தை எப்படி அடக்குவது?

பதில்:

தம்பி, கோபத்தைப் பற்றிக் கதைக்க முதல் ஒன்று. நான் இல்லாமல் போனால் இவர்களாவது நிம்மதியாக இருப்பார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை என்னால் தாண்டிப் போக முடியாது. அந்த நினைப்பு எவ்வளவு அடிக்கடி வருகிறது, வந்தால் எப்படிச் செய்வது என்ற யோசனை வரைக்கும் போகிறதா என்று, நேரில் வந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன். போகிறது என்றால் இந்தப் பதிலின் மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம், இப்போதே 1926 க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது, இரவோ பகலோ எந்நேரமும் எடுக்கலாம். ஆபத்து என்று தெரிந்தால் 1990 க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அந்த அளவுக்கு இல்லை, சலிப்பில் வந்து போகிற நினைப்புத்தான் என்றாலும் ஒரு வேலை செய்யுங்கள். வயலுக்கு வாங்கிய மருந்துப் போத்தல்கள் வளவுக்குள் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பூட்டி, திறப்பை மனைவியிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை மிகக் கூடிய நாடுகளில் இலங்கையும் ஒன்றாக இருந்தது. கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்யத் தொடங்கிய பிறகு அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. சனத்தின் கவலை தீர்ந்து குறைந்த எண்ணிக்கை இல்லை அது. அந்த உந்தல் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான் நிற்கும், அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் ஆள் தப்பிவிடும்.

நீங்கள் இல்லாவிட்டால் பிள்ளைகள் நிம்மதியாக இருப்பார்கள் என்பதும் சுத்தப் பிழை. தகப்பனை அப்படி இழந்து வளர்ந்த பிள்ளைகளோடு நான் கதைத்திருக்கிறேன். உங்கள் மகன் உங்களுக்கு ஒளிக்கிறான், உண்மை, ஆனால் நீங்கள் போய்விட வேண்டும் என்று அவன் கேட்கவில்லை.

சரி, கோபத்துக்கு வருவோம். எப்படி அடக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வந்த பிறகு அடக்குவது மிகக் கஷ்டம், அந்த இடத்தில் நின்று மல்லுக்கட்டுவதால்தான் திரும்பத் திரும்பத் தோற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மோட்டர் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பின்னேரத்தையே எடுங்கள். அன்றைக்கு மத்தியானம் வடிவாகச் சாப்பிட்டீர்களா, முதல் நாள் இரவு எத்தனை மணிக்கு முழித்தீர்கள், லீசிங் கட்டுக்காசுக்கு இன்னும் எத்தனை நாள் இருந்தது, பகல் யாராவது போன் எடுத்துக் காசு கேட்டார்களா? இதில் ஒன்றும் கடிதத்தில் இல்லை, மோட்டரும் மகனும் மட்டும்தான் இருக்கிறார்கள். இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிற அன்று கடைசியாகப் பெய்த மழையை யாரும் குற்றம் சொல்வதில்லை, கனகராயன் ஆற்றால் நாட்கணக்கில் தண்ணீர் வந்து சேர்ந்திருக்கும். உங்கள் வீட்டில் கடைசி மழை உங்கள் மகன்.

மோட்டர் ஓடினால் கரண்ட் பில் ஏறும். பில் ஏறினால் கட்டுக்காசுக்கு ஒதுக்கியதில் கை வைக்க வேண்டி வரும். கட்டுக்காசு பிந்தினால் லான்ட்மாஸ்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். லான்ட்மாஸ்டர் போனால் அடுத்த காலபோகத்துக்கு உழுவது எப்படி? இவ்வளவும் ஒரு நொடிக்குள் தலைக்குள் ஓடியிருக்கும், நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள், கண்ணுக்குத் தெரிந்தது மகன் மட்டும்தான். இதைக் கோபம் என்பதைவிடப் பயம் என்றுதான் நான் சொல்வேன். இரண்டுக்கும் உடம்பு செய்கிற ஆயத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாக வரும், தோளும் தாடையும் இறுகும். எங்கள் பக்கம் ஒரு ஆம்பிளை எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் இருந்து கேட்க ஆள் இல்லை, கோபப்பட்டால் அவன் கொஞ்சம் சூடான ஆள் என்று விட்டுவிடுவார்கள், ஆகவே பயமெல்லாம் அந்த ஒரு வழியாலேயே வெளியில் வருகிறது. 2009 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், பதகளிப்பு (anxiety) அறிகுறிகள் இருந்தவர்கள் நூற்றுக்கு 32 பேருக்கு மேல், மனவடு நோயின் (PTSD) அறிகுறிகள் இருந்தவர்கள் 7 பேர். பதகளிப்பு எங்கள் சனத்துக்குள் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன், உங்களுக்கு மட்டும் வந்த சாபம் என்று நினைக்காதீர்கள்.

2009 தான் காரணமா என்ற கேள்விக்கு, ஓரளவுக்கு ஆம். ஷெல் சத்தத்துக்கு யோசித்துக்கொண்டு நிற்காமல் பங்கருக்குள் பாய்ந்தவர்தான் தப்பினார், உடம்பு அதைப் படித்து வைத்திருக்கிறது, இத்தனை வருடம் கழித்தும் வெடிச் சத்தம் கேட்டால் துள்ளி எழும்புகிற ஆட்கள் இந்த மண்ணில் கனபேர். தம்பியின் இழப்பை ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள். அது யாராவது ஒருவரோடு ஆறுதலாக இருந்து கதைக்க வேண்டிய விஷயம், இங்கே எழுதித் தீர்க்கிறதில்லை. ஆனால் எல்லாவற்றையும் 2009 இன் தலையில் போட நான் சம்மதிக்க மாட்டேன், நடந்ததை மாற்ற முடியாது, கட்டுக்காசுக் கணக்கையும் நித்திரையையும் பின்னேரத்தையும் மாற்றலாம்.

உங்கள் மகன் ஷெல் சத்தம் கேட்டதில்லை. அவனுக்குத் தெரிந்தது படலையில் வந்து நிற்கிற மோட்டச் சைக்கிள். அந்தச் சத்தத்துக்கு எழும்பி உள்ளே போகிறான் என்றால் அவனுடைய உடம்பும் அதே பாடத்தைப் படிக்கத் தொடங்கியிருக்கிறது. உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, அந்த நெஞ்சிடி எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் நன்றாகத் தெரிந்தவர் நீங்கள்தான். அடிப்பதை இன்றோடு விட வேண்டும், அதில் மட்டும் எந்தச் சலுகையும் இல்லை. மற்றவை எல்லாம் மெதுவாக மாறினால் போதும்.

ஒரு கிழமைக்கு, கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்: கோபம் வந்த நேரம், அதற்கு முதல் எப்போது சாப்பிட்டது, உடம்பில் முதலில் எங்கே தெரிந்தது, அந்த நேரம் மனதில் என்ன ஓடியது. என்னிடம் வருகிற குடும்பங்கள் பலவற்றில் இது பின்னேரம் ஆறுக்கும் எட்டுக்கும் இடையில்தான் வெடிக்கும், பசியும் களைப்பும் சேர்ந்து நிற்கிற நேரம் அது. உங்களுக்கும் அப்படித்தான் என்றால், வேலை முடிந்து வந்ததும் வீட்டுக் கதை எதையும் தொடங்க வேண்டாம். கிணற்றடிக்குப் போய் முகம் கால் கழுவி, எதையாவது சாப்பிட்டு, தனியாக இருந்து மூச்சைக் கவனியுங்கள், மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு ஏழு எண்ணும்வரை ஆறுதலாக வெளியே விட வேண்டும், ஐந்து நிமிடம் போதும். மூச்சை விடும்போது நெஞ்சுத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறையும், அதற்காகத்தான் விடுகிற மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்பது. கோபம் இல்லாத நாளிலும் செய்யுங்கள், வெடிக்கிற நேரத்தில் புதிதாக ஒன்றைப் பழக முடியாது.

கோபம் வந்தால் போய் நாலு விறகு கொத்து, ஆறிவிடும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். 2024 இல் 154 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு மீளாய்வு வந்தது, உடம்பைச் சூடாக்குகிற வேலைகளால் மொத்தத்தில் கோபம் குறையவில்லை, மூச்சுப் பயிற்சி, தியானம், தசைகளைத் தளர்த்துவது என்று உடம்பைத் தணிக்கிறவற்றால்தான் குறைந்தது. ஆகவே கோடரியை விறகோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அதையும் மீறி ஏறிவிட்டால் வெளியேறுங்கள், ஆனால் சொல்லிவிட்டு. "எனக்குக் கோபம் ஏறுது, அரை மணித்தியாலத்தில திரும்பி வாறன்" என்று சொல்லிவிட்டுப் போவேன் என்று மனைவி பிள்ளைகளுக்கு முன்கூட்டியே விளங்கப்படுத்தி வையுங்கள். சொல்லாமல் போனால் அப்பா விட்டிட்டுப் போறார் என்று பிள்ளை ஏங்கிப்போகும். குடிக்கிற இடத்துப் பக்கம் போகாமல் வாய்க்கால் கரையால் நடந்துவிட்டு, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள்.

மகனோடு கதைக்க வேண்டும், அதைப் பிற்போடாதீர்கள். முன்னால் இருத்தி வைத்து விசாரணை மாதிரிச் செய்ய வேண்டாம், 13 வயதுப் பொடியன் அதற்கே வாயை மூடிக்கொள்வான். இரண்டு பேருமாகச் சைக்கிள் செயின் போடும்போதோ வயலுக்குத் தண்ணி பார்க்கப் போகும்போதோ சொல்லுங்கள்: "அண்டைக்கு உனக்கு அடிச்சது என்ர பிழை. மோட்டர நிப்பாட்ட மறக்கிறது எல்லாருக்கும் நடக்கிறது. இனி உனக்கு அடிக்க மாட்டன்." இவ்வளவும் போதும். நீயும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்று ஒரு வாலைச் சேர்த்தால் சொன்னது முழுதும் வீண். அவன் சரி என்றும் சொல்லாமல் நிற்பான், அழக்கூடும், எழும்பிப் போகவும் கூடும், விடுங்கள். கிழமைக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான், மோட்டச் சைக்கிள் வந்து நின்ற பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்று. சமாதானத்துக்குப் போன் வாங்கிக் கொடுக்கிற வேலை வேண்டாம், கடன்தான் கூடும். மகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. கோப்பை உடைந்தபோது அவளும் அங்கே எங்காவது நின்றிருப்பாள், அவளையும் மடியில் இருத்தி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இப்போது, தகுதியில்லாதவன் என்ற கதை. நான் செய்தது பிழை என்று நினைக்கிறவர் மகனிடம் போய் மன்னிப்புக் கேட்பார். நானே பிழையான ஆள் என்று நினைக்கிறவருக்கு மகனின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கும், வீட்டுக்குப் பிந்தி வருவார், அந்த வெட்கத்தோடு படலைக்குள் வந்தால் பொடியன் எழும்பி உள்ளே போவது தன்னை மதிக்காத செயலாகத் தெரியும், பிறகு அதற்கும் ஒரு கோபம். உளவியல் ஆய்வுகளிலும் இது திரும்பத் திரும்பக் காணப்பட்டது, செயலை நினைத்து வருந்துகிறவர்கள் சரிசெய்யப் பார்க்கிறார்கள், தன்னையே முழுதாக இழிவாக நினைக்கிறவர்களுக்குத்தான் கோபமும் மற்றவரைக் குற்றம் சொல்வதும் கூடுகிறது. இரவிரவாக உங்களை நீங்களே ஏசிக்கொள்வது செய்த பிழைக்கு அனுபவிக்கிற தண்டனை போலவும், அதோடு கணக்குத் தீர்ந்துவிடும் போலவும் இருக்கும். மகனுக்கு அதில் ஒரு சதமும் போய்ச் சேர்வதில்லை. உங்கள் நித்திரைதான் போகிறது, நித்திரை இல்லாதவருக்கு அடுத்த பின்னேரம் இன்னும் கெதியாகக் கோபம் வரும். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். நல்ல தகப்பனா கூடாத தகப்பனா என்ற வழக்கை இரவு இரண்டு மணிக்கு நடத்த வேண்டாம், அந்த நேரத்தில் யாருக்கும் நியாயமான தீர்ப்பு வராது.

உண்மையில் இந்தக் கடிதத்தில் ஆகப் பாரமாக எனக்குத் தெரிந்தது, கடன் எவ்வளவு என்று மனைவிக்கு முழுதாகத் தெரியாது என்பதுதான். நீங்கள் கடனை மட்டும் சுமக்கவில்லை, அதை மறைக்கிற வேலையையும் சேர்த்துச் சுமக்கிறீர்கள். போன் வந்தால் வெளியில் போய்க் கதைக்க வேண்டும், யாராவது வீட்டுக்கு வந்து கேட்டுவிடுவார்களோ என்று அந்தரப்பட வேண்டும், மனைவி பிள்ளைக்குச் சப்பாத்து வேண்டும் என்று சாதாரணமாகச் சொன்னாலும் உள்ளே குத்தும். அடகில் இருப்பது அவவின் நகை என்றால் பாதிக் கதை அவவுக்கு ஏற்கெனவே தெரியும், மிச்சத்தை நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், பிள்ளைகள் இல்லாத நேரம், ஒரு கொப்பியை எடுத்து யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதிக்கு என்று ஒன்றும் விடாமல் இரண்டு பேருமாக எழுதுங்கள். அவ அழுவா, ஏசுவா, ஏன் மறைத்தாய் என்று கேட்பா. கேட்கட்டும், எழும்பிப் போகாமல் இருந்து கேளுங்கள். எழுதி முடித்த தொகை பெரிதாகத்தான் இருக்கும், என்றாலும் அது ஒரு தொகை, இருட்டில் தனியாக எண்ணும்போது அதற்கு அளவே இருப்பதில்லை. லீசிங்காரரிடம் தவணை பிந்துவதற்கு முதலே போய் மாற்றித் தரக் கேளுங்கள், ஒத்துக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள். பழைய கடனை அடைக்க அதைவிடக் கூடிய வட்டிக்குப் புதுக்கடன் எடுக்காதீர்கள்.

கொப்பி வந்துவிட்டால் இரவுக்கு ஒரு பதில் இருக்கிறது. முழிப்பு வந்து கொஞ்ச நேரத்தில் நித்திரை திரும்பாவிட்டால் படுக்கையில் புரளாமல் எழும்பி வேறு இடத்தில் இருங்கள், போனைத் தொடாதீர்கள், கடன் யோசனை வந்தால் அது கொப்பியில் இருக்கிறது, நாளைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு அதைப் பார்க்கிற நேரம் என்று விடுங்கள், ஐந்து மணிக்கு உண்மையிலேயே எடுத்துப் பாருங்கள். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணியைக் குறையுங்கள். கூட்டாளிமார் சொல்வது போல் குடித்தால் கெதியாக நித்திரை வரும்தான், ஆனால் சாராயம் உடம்பை விட்டு இறங்குகிற அந்த இரண்டு மூன்று மணிக்கே நெஞ்சடிப்போடு முழிக்க வைக்கும், உங்கள் வருத்தமே அந்த முழிப்புத்தானே.

மாமியாரோடு சண்டை பிடிக்க வேண்டாம். வற்றாப்பளை அம்மனிடமோ முறிகண்டிப் பிள்ளையாரிடமோ போய் இருந்தால் மனம் ஆறுகிறது என்றால் போங்கள், நானும் போகிறவள்தான். கழிப்புக் கழிக்கிறோம் என்று இன்னொரு கடன் மட்டும் வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிற மனைவி சொல்வதுதான் சரி. ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கிறீர்கள், கோப்பை சுவரில் உடைந்த சத்தம் அயலுக்கு ஏற்கெனவே கேட்டிருக்கும், தம்பி. முதலில் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய் நெஞ்சு படபடக்கிறது, நித்திரை இல்லை என்று சொன்னால் போதும், பிரஷர், சீனி, ஈசிஜி, தைரொயிட் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைரொயிட் கூடினாலும் படபடப்பும் எரிச்சலும் நித்திரையின்மையும் வரும், அதைப் பார்க்காமல் எல்லாம் மனசு என்று இருக்கக்கூடாது. அங்கே பிரச்சினை இல்லை என்றாலும், நான் இல்லாமல் போனால் என்று வருகிற அந்த நினைப்பைப் பற்றியும் டொக்டரிடம் சொல்லி உளநலப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள், கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையிலேயே இருக்கிறது, அரச ஆஸ்பத்திரி என்பதால் காசு இல்லை. நான் உளவளத்துணையாளர், மருந்து எழுத மாட்டேன், மருந்து தேவையா என்று அங்கே இருக்கிற டொக்டர்தான் சொல்வார். தந்தால் வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும், மூன்றாம் நாள் ஒரு மாற்றமும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். கதைக்க மட்டும் ஆள் வேண்டும் என்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேளுங்கள், தம்பியைப் பற்றிக் கதைக்கவும் அது நல்ல இடம். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், இந்த மாற்றம் எப்போது தொடங்கியது என்று உங்களைவிட அவவுக்கு வடிவாகத் தெரியும். போய்வந்த பிறகு எழுதுங்கள், அந்தக் கலண்டர் தாள்களில் எழுதியதையும் சேர்த்து அனுப்புங்கள், இருந்து பார்ப்போம்.